ஓட்டுநர் உணவு

கேட் போட்டுவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். தினமும் இதே நேரத்தில் இதே ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் தினமும் புதிதாக ஏமாறுவதற்கும் ஒரு மனசு வேண்டும் என்று திருஞானம் நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும். மனைவி என்றால் பாட்டு வரும், மேனேஜர் என்றால் மணி அடிக்கும், இரண்டும் இல்லாமல் நெஞ்சுக்கு மேலே வண்டு மாதிரி இரண்டு தரம் துடித்துவிட்டு அடங்கினால் அது டேங்கர். நிற்கக் கூடாத இடத்தில் ஒரு டேங்கர் நிற்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டாம் என்று கையைத் தொடையில் வைத்துக்கொண்டான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, மல்லாட்டை விற்கிறவள் வேர்க்கடலைப் பொட்டலங்களோடு ஒவ்வொரு ஜன்னலாக வந்துகொண்டிருந்தாள், முன்னால் நின்ற ஆட்டோக்காரன் இறங்கித் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பார்க்காமல் இருந்தால் டேங்கர் கிளம்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. காய்ச்சல் வந்தவன் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற நம்பிக்கை. அவனுக்கே சிரிப்பு வந்தது, ஆனால் கை தொடையிலேயே இருந்தது. கையில் இன்னும் அந்த வாசனை இருந்தது. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் தங்கிவிடுகிற வாசனை, சுட்ட ரப்பரும் அழுகின முட்டையும் சேர்ந்த மாதிரி. சோறு பிசையும்போது வரும். குழந்தையாக இருந்தபோது மகள் அதைத்தான் அப்பா வாசனை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பெரியவளாகிவிட்டாள், ஒன்றும் சொல்வதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விடுகிறாள்.

எடுத்துப் பார்த்தான். அவன் கம்பெனி சாயத்துக்கான மூலப்பொருள் செய்கிற கம்பெனி. செய்கிற சரக்கைவிட மிஞ்சுகிற கழிவு அதிகம். கறுப்பாக, கொழகொழவென்று, மூடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கிற அந்த அமிலக் கழிவுக்குக் கம்பெனிக்குள் கஷாயம் என்று பெயர். யார் வைத்த பெயரோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து சோதனைக்கு வருகிற அதிகாரிகள்கூட வாய்தவறிக் கஷாயம் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இன்றைக்குக் கஷாயம் எவ்வளவு உண்டானது, எந்தத் தொட்டியில் நிற்கிறது, எந்த டேங்கரில் ஏறியது, தூரத்தில் இருக்கிற எரிப்பு மையத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று கடைசிவரை கண்காணிப்பதுதான் திருஞானத்தின் வேலை. பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று வாசலில் நின்று பார்க்கிற அம்மா வேலை. முன்பெல்லாம் காகிதத்தில் நடந்தது, இப்போது போனிலேயே வரைபடம் வந்துவிட்டது. வரைபடத்தில் டேங்கர் ஒரு பச்சைப் புள்ளி. ஓடுகிறவரைக்கும் பச்சை, தேவைக்கு மேல் எங்கேயாவது நின்றுவிட்டால் சிவப்பு. சிவப்பானதும் ஏன் நிற்கிறது என்று கேட்டு ஒரு கட்டம் வரும், அதில் அரசாங்கத் தமிழில் நாலு காரணம் இருக்கும்: வாகனப் பழுது, போக்குவரத்து நெரிசல், ஓட்டுநர் உணவு, மற்றவை. ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும், புள்ளி பச்சையாகிவிடும். யாரும் எதையும் தொடாவிட்டால், கீழே குறைந்துகொண்டே வருகிற ஒரு பட்டை முழுக்கக் கரைந்த பிறகு, சிவப்பு அப்படியே வாரியத்துக்குப் போய்விடும். போனால் ஜீப் வரும். அவன் சேர்ந்ததிலிருந்து ஒரு தரம்கூடப் போனதில்லை. பழுது என்று போட்டால் ஒர்க்‌ஷாப் சீட்டு கேட்பார்கள், நெரிசல் என்று போட்டால் அந்த ரோட்டில் நெரிசலா என்று கேட்பார்கள், மற்றவை என்று போட்டால் கேள்வி நிற்கவே நிற்காது. சாப்பாட்டை யார் கேட்பார்கள்? அதனால் கம்பெனியில் எல்லா நிறுத்தத்துக்கும் ஒரே காரணம்தான், ஓட்டுநர் உணவு. காலை எட்டு மணிக்கும் உணவு, பதினோரு மணிக்கும் உணவு. நம்ம டிரைவருங்க மாதிரி திங்கிறவன் உலகத்துலயே கிடையாதுப்பா என்று டேங்கர்களை அனுப்புகிற டிஸ்பாட்ச் பிரிவில் சொல்லிச் சிரிப்பார்கள், திருஞானமும் கூடச் சேர்ந்து சிரிப்பான். டேங்கர் மையத்துக்குப் போய்ச் சேரும்போது எடை குறைந்திருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை தயாராக இருந்தது, ஆவி. வழியில் ஆவியாகிவிட்டது. மழைக்காலத்திலும் ஆவியாகும்.

சிவப்பு நரியோடைப் பாலத்துப் பக்கத்தில் இருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான், நரியோடைதான். பாலத்தைத் தாண்டினால் கீழ்மாம்பட்டு. கீழ்மாம்பட்டில் தவமணி. தவமணி அவனுடைய ஒரே தங்கை, இப்போது ஐந்தாம் மாசம். ஓடை, டேங்கர் வழக்கமாக நிற்கிற இடம் இல்லையே, வழக்கமாக நிற்பதெல்லாம் அந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டி, யாரும் குடியிருக்காத பக்கம் என்று மனசு சொன்னது, சொன்ன மறுகணம் வழக்கமாக நிற்கிற இடம் என்று ஒன்று உனக்குத் தெரியுமா என்று அதே மனசு திருப்பிக் கேட்டது. தெரியாது. தெரியாது என்றுதானே இத்தனை வருஷம் உணவு உணவு என்று தொட்டுக்கொண்டிருந்தான். ஒருவேளை நிஜமாகவே சாப்பாடாக இருக்கலாம். பாலத்துக்கு முன்னால் ஒரு பரோட்டாக் கடை உண்டு, அங்கே அவனே சாப்பிட்டிருக்கிறான், குழம்பு காரம், தங்கையைப் பார்த்துவிட்டு வரும்போது. டேங்கர் ஓட்டுகிற ஏழுமலை சர்க்கரைக்காரன், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான். சர்க்கரைக்காரன் சாயங்காலம் ஏதாவது கடித்துக்கொள்ளாமல் எப்படி ஓட்டுவான்? வரைபடத்தை இரண்டு விரலால் விரித்தான். கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம். புள்ளி அந்தப் பக்கம், ரோட்டைவிட்டு இறங்கி, ஓடைக்குப் போகிற வண்டிப்பாதையில். இன்னும் விரித்தான். விரிக்க விரிக்கப் படம் கலங்கியது, ஓடையும் பாதையும் ஒரே பழுப்பாகிவிட்டன. புள்ளி கொஞ்சம் தள்ளியும் காட்டும். போன மாசம் டேங்கர் கடலுக்குள் நிற்பதாகக் காட்டியதே. ஆமாம், கடலுக்குள் காட்டியது, அதற்கும் உணவுதான் போட்டான். அப்படியானால் இப்போதும் தள்ளிக் காட்டுகிறது. தள்ளிக் காட்டுகிறது என்றால் கடைவாசலில்தான் நிற்கிறது. கடைவாசலில் நின்றால் பிறகு ஏன் உள்ளங்கை இப்படி வேர்க்கிறது?

ஏழுமலைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். பேரைக்கூட எடுத்துவிட்டான். கேட்டால் சொல்லிவிடுவான், அவன் ஒளிக்கிற ஆள் இல்லை, ஆமா சார், வண்டிக் கான்ட்ராக்டர் இங்க தொறந்துவுடச் சொன்னாரு என்று பச்சையாகச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அப்புறம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது? தெரியாத வரைக்கும்தான் அவன் திருஞானம், பி.எஸ்ஸி. வேதியியல், பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்து வீட்டுக்குப் போகிற ஒரு மனுஷன். இப்படித்தான் பொங்கலுக்குப் போனபோது தவமணி வீட்டுக் குடத்திலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த ஊரில் போர்வெல் தண்ணீர் உப்பு, குடிக்கிறதற்கு ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் எடுப்பார்கள், பார்க்கக் கண்ணாடியாக இருக்கும். எதுக்குண்ணா தண்ணியப் புடிச்சிகினு போற என்று கேட்டாள், வழியில் குடிக்க என்றான். கம்பெனி சோதனைக்கூடத்தில் கொடுத்தால் அரைநாளில் முடிவு வந்துவிடும். மேஜை இழுப்பறையில் வைத்தான். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தரம் இழுப்பறையைத் திறக்கும்போதும் பாட்டில் உருண்டு முன்னால் வரும், பின்னால் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொள்வான். அவளுக்கு முதல் தரம் கலைந்தபோது ரத்தம் கம்மி என்றார்கள். இரண்டாம் தரமும் ரத்தம் கம்மி என்றார்கள். டாக்டரே சொன்ன பிறகு இவன் யார் வேறு மாதிரி நினைப்பதற்கு? அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஊரில் வேறு பெண்களுக்குப் பிறக்கவில்லையா? பிறந்திருக்கிறதே, போன தரம் போனபோது தெருவில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்ததே. ஒரு குழந்தை. தெரு முழுக்க ஒரு குழந்தைதான் தவழ்ந்துகொண்டிருந்ததா என்று யோசனை போய் அங்கேயே சிக்கிக்கொண்டது, முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி இழுக்க இழுக்கக் கிழிந்தது. சம்பந்தம் இல்லை. அவன்தான் அந்த மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். அப்பா அம்மா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தானே எல்லாம். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது அன்றைக்கு, கழனி பச்சைப்பசேல் என்று இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று முடிவு பண்ணினான். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தான்.

"இன்னா சார், போனைப் போட்டு இந்த மொற மொறைக்கிறீங்க?" பக்கத்து சீட்டுக் கோதண்டம். பாய்லரில் வேலை, தூங்கிக்கொண்டு வந்தவன் மல்லாட்டை வாசனைக்கு எழுந்துவிட்டான். பொட்டலத்தை நீட்டினான். விரல் நகமெல்லாம் மஞ்சள், பாய்லருக்கு வருவதற்கு முன்னால் சாயப் பிரிவில் இருந்தபோது ஏறியது, போகவே இல்லை. எங்க ஆளுங்களுக்கு நலங்கு வெக்கவே வாணாம் சார், கம்பெனியே வெச்சு அனுப்பிடுது என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்வான். "ஒண்ணுமில்ல கோதண்டம். கேட் எப்பத் தொறப்பான்னு பாக்கறேன்." "அதை போன்லயா பாப்பாங்க?" என்று சிரித்தான் கோதண்டம், அப்புறம் சிரிப்பு அடங்கி, "எதனா பிரச்சினையா சார்? மறுபடியும் வாரியக்காரன் வரானா?" என்று குரலைத் தாழ்த்தினான். முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பின. முன்பு ஒரு தரம் வேறு ஏதோ விஷயத்துக்காக வாரியம் வந்து கரன்ட்டைப் பிடுங்கி, கேட்டில் அரக்கு வைத்துவிட்டுப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. "அப்ப நான் வெங்காய மண்டியில மூட்டை தூக்குனேன் சார். இடுப்பு அன்னிக்குப் போனதுதான். இப்ப பொண்ணு வேற நர்சிங் சேந்திருக்குது." "ஒண்ணுமில்லன்னு சொன்னேனில்ல," என்றான் திருஞானம், கொஞ்சம் அதட்டலாக. தலைகள் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டன. அவன் சொன்னால் நம்புகிறார்கள். அவன் வாயிலிருந்து ஒண்ணுமில்லை என்று வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. பஸ் நிறைய வியர்வையும் மல்லாட்டையும் மல்லிகைப்பூவும் கலந்து ஒரு வாசனை, பின்னால் யாரோ போனில் ரேஷன் கடையில் பருப்பு போடுகிறானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள், இத்தனை பேருடைய அடுப்பும் தன் கட்டைவிரலில் தொங்குகிறது என்று நினைத்தபோது திருஞானத்துக்கு அழுகை வரும் போலிருந்தது. தவமணி ஒருத்தி. இங்கே பஸ் நிறைய. கணக்குப் போட்டால் எது பெரியது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் எந்தக் குழந்தையைக் கேட்பது? பிறந்ததையா, பிறக்கப்போவதையா?

கட்டம் விரிந்தபடியே இருந்தது. பட்டை பாதிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்கு அது புரிந்தது, ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது: அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், எங்கேயும் எழுத்தில் புகார் தர வேண்டாம், மேனேஜரோடு சண்டை போட வேண்டாம். தொடாமல் இருந்தால் போதும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தால் பட்டை தானாகக் கரைந்துபோகும், சிவப்பு தானாக வாரியத்துக்குப் போகும், ஜீப் தானாக நரியோடைக்கு வரும். சும்மா இருந்தே ஒரு நல்ல காரியம் செய்துவிடலாம். இவ்வளவு நாள் வேலை பார்த்ததில் முதல் தடவையாக வேலையைப் பார்த்ததாக ஆகும். கேட்டால் சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன் சார், டவர் கிடைக்கவில்லை, பஸ் நிறைய சாட்சி இருக்கிறது. போன் சூடாகி அணைந்துவிட்டது என்றும் சொல்லலாம். சார்ஜ் இல்லை என்பதுதான் இன்னும் நல்லது, எவன் வந்து பார்க்கப்போகிறான். தைரியம் வந்த கையோடு தப்பிக்கிற வழியும் வந்துவிட்டதைப் பார்த்து அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பரவாயில்லை, சாக்கு வைத்துக்கொண்டாவது ஒரு தடவை. போனைத் தொடையில் குப்புறக் கவிழ்த்தான். கட்டைவிரல் பழக்கத்தில் தானாக அசைந்தது, அதை மற்ற நாலு விரலாலும் பிடித்து மூடிக்கொண்டான். ஏழுமலையை உள்ளே வைப்பார்கள். வைக்கட்டும். இல்லை, பாவம், அவன் சர்க்கரைக்காரன், கான்ட்ராக்டர் சொன்னதைச் செய்கிறவன், கான்ட்ராக்டரை யார் உள்ளே வைக்கப்போகிறார்கள். மாத்திரை இல்லாமல் ஸ்டேஷன் பெஞ்சில் கை நடுங்க உட்கார்ந்திருக்கிற ஏழுமலையை ஒரு கணம் பார்த்துவிட்டான், பார்த்ததைத் துரத்தினான். ஏழுமலை வால்வைத் திறக்கிறான். கஷாயம் கீழே விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், தொட்டியிலிருந்து டேங்கருக்கு ஏற்றும்போது கேட்டிருக்கிறான், கொதிக்கிற எண்ணெயில் ஈரம் பட்ட மாதிரி ஒரு சத்தம். மணல் குடித்துவிடும். மணல் எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும், மேலே ஒன்றும் தெரியாது, நாளைக் காலையில் ஊற்று அதே கண்ணாடியாக இருக்கும். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்ச நேரம் கையை மூடி வைத்திருந்தால் போதும். தூரத்தில் ரயில் கூவியது.

மணி அடித்தது. மேனேஜர் வரதராஜன். எடுக்காமல் விட்டிருக்கலாம். டவர் இல்லாத ஆளுக்கு மணி எப்படி அடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் எடுத்துவிட்டது, மேனேஜர் மணி அடித்து எடுக்காமல் இருக்கிற பழக்கம் அந்த விரலுக்குக் கிடையாது. "என்ன ஞானம், பாக்கலையா? வண்டி செவப்புல நிக்குது." குரலில் கோபம் இல்லை, அவர் எப்போதும் சாந்தமான மனுஷர், தவமணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது லீவை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தவர். "கேட்ல மாட்டிகிட்டேன் சார். டவர் சரியா கிடைக்கல." "சரி விடுங்க, அதனால என்ன. இங்க டிஸ்பாட்ச்ல சுதர்சன் இருக்கான். உங்க பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்குதாமே? உங்க பேர்லயே அவனைப் போடச் சொல்லிடறேன். உணவுதானே? போடட்டுமா?" பாஸ்வேர்டை அவன்தான் கொடுத்திருந்தான், அந்த ஆஸ்பத்திரி லீவின்போது, ஒரு துண்டுச் சீட்டில்கூட இல்லை, வாயாலேயே சொன்னான், சுதர்சன் அதை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டான். டிஸ்பாட்சில் எல்லோருக்கும் எல்லோருடைய பாஸ்வேர்டும் தெரியும், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிற மாதிரிதான். போடட்டுமா என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். அந்த நேரம் கொஞ்சம்தான், ஆனால் அதில் எத்தனையோ இருந்தது. வேண்டாம் சார் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். அது சாப்பாடு இல்லை சார் என்று சொல்லலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், கேட்பாரா, கேட்க மாட்டார், ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார், அந்த ஒரு நிமிஷத்தில் இத்தனை வருஷமாகப் போட்ட உணவெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நிற்கும். அங்கே என் தங்கச்சி இருக்கா சார். அதைச் சொன்னால் போதும், மனுஷர் இளகிவிடுவார், சரி, வேற எடத்துல வுடச் சொல்றேன் என்பார். வேறு இடத்தில். வேறு யாரோ ஒருத்தனுடைய தங்கை இருக்கிற இடத்தில். சும்மா இருந்தே செய்துவிடலாம் என்று நினைத்தது எவ்வளவு சுலபமாக இருந்தது, இப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கோதண்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திருஞானம் வாயைத் திறந்தான். "சரிங்க சார்," என்று சொன்னான்.

போனைத் திருப்பிப் பார்த்தான். புள்ளி பச்சை. கீழே சின்ன எழுத்தில், காரணம் ஓட்டுநர் உணவு, பதிவு செய்தவர் திருஞானம். விரலை மூடி வைத்துக்கொண்டே அவன் அதைப் பதிவு செய்திருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வந்தது நிம்மதி. முதுகுத்தண்டில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது, தோள் இறங்கியது, மூச்சு வயிறுவரை போனது, பசித்தது. கோதண்டம் நீட்டிக்கொண்டிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், உப்பும் வறுத்த வாசனையுமாக நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்றுதான் அவனுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. டேங்கரைத் திறந்துவிட்டதுகூட அவ்வளவு உறுத்தவில்லை, அதை ஏழுமலை செய்தான், கான்ட்ராக்டர் செய்தான், சுதர்சன் செய்தான். இந்த நிம்மதியை வேறு யாரும் அவனுக்காக அடையவில்லை. "முடிஞ்சிதா சார்?" என்றான் கோதண்டம். "முடிஞ்சிது." "அதானே பாத்தேன், நீங்க இருக்கும்போது இன்னா வரப்போவுது," என்று சொல்லி அவன் மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ரயில் வந்தது. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு போயிற்று. அது போகிறவரைக்கும் திருஞானத்துக்கு ஒரு யோசனையும் இல்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கேட் தூக்கினார்கள். பஸ் தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது, அவளுக்காவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்கு மட்டும், இரண்டு நாள் அந்தத் தண்ணீரை எடுக்காதே என்று. இரண்டு நாளா, இரண்டு வருஷமா, தெரியாது, எடுக்காதே என்று மட்டும். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், காரணம் சொல்வதில் அவன் தேர்ந்தவன்தானே. போட்டான். "சொல்லுண்ணா," என்றாள் தவமணி, மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னம்மா, மூச்சு வாங்குது?" "இப்பத்தாண்ணா ஊத்துலருந்து தண்ணி எடுத்தாந்தேன். இவரு வாணாம்னுதான் சொன்னாரு, ஒரு கொடந்தானேன்னு நானே போயிட்டு வந்தேன்." பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்காத மாதிரி அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "ஏன், கேன் தண்ணி வாங்கிக்கக் கூடாதா? நான் வாங்கித் தரேன்." "அட போண்ணா, ஊத்துத் தண்ணி மாதிரி வருமா? எதுத்த வூட்டு அக்காகூட இன்னிக்கி இன்னாவோ நாத்தம் அடிக்குதுடின்னு கொடத்தைக் கவுத்துட்டு நின்னுச்சு. நான்தான் சத்தம் போட்டேன். எங்கண்ணன் அந்தக் கம்பெனியில கழிவெல்லாம் எங்க போவுதுன்னு பாக்கற வேலையிலதான் இருக்குது, எதுனா ஒண்ணுன்னா மொதல்ல எனக்குச் சொல்லாதா அதுன்னு. அப்புறந்தான் அதுவும் ரொப்பிகினு போச்சு. தெருவே இப்ப உன்னை நம்பித்தாண்ணா தண்ணி குடிக்குது." அவள் சிரித்தாள். பெருமையான சிரிப்பு. "தவம்," என்றான். "சொல்லுண்ணா." அதற்கு மேல் வரவில்லை. இப்போது அவளுக்கு மட்டும் சொல்வது என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. சொன்னால் எதிர்வீட்டு அக்காவுக்குச் சொல்லுவாள், தெருவுக்குச் சொல்லுவாள், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ஒருநாள் அவனைக் கேட்பாள், கேட்காவிட்டாலும் அந்தக் கண்ணால் பார்ப்பாள். "இன்னாண்ணா, பேச்சையே காணோம்?" என்றவள், அவன் எதற்கோ பயப்படுகிறான் என்று அவளாகவே ஒன்றை நினைத்துக்கொண்டாள். "வயித்துப் புள்ளைய நெனைச்சிக் கவலப்படறியா? நர்சம்மா கொதிக்கவெச்சிக் குடிக்கச் சொல்லியிருக்காங்க. அப்படித்தான் குடிக்கிறேன், ஒரு நாளும் வுடறதில்ல. கொதிக்கவெச்சா போதுமில்லண்ணா?" கொதிக்கவைத்தால் கிருமி சாகும். இது கிருமி இல்லை. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், போகாமல் அடியில் தங்குகிறது இன்னும் கெட்டியாகும், எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவு. இது அவனுக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே தெரியும்.

"போதும்மா," என்றான். "நல்லா கொதிக்கவெச்சிக் குடி."